காடை முட்டைத் தோடு ஏன் ஒட்டுச்சு: ஒரு கிறிஸ்துமஸ் ஊறுகாய் ஆர்டரோட முழு விவரம்

டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி பதினொன்றரை மணி, தக்கலைப் பக்கம் எங்க வீட்டு அடுக்களை, தரையில ரெண்டு பெரிய பேசன். ஒண்ணுல ஒழுங்கா உரிஞ்சு வந்த காடை முட்டை 118. இன்னொண்ணுல 182, அதுல பாதி வெள்ளைக்கரு தோட்டோடயே போயி மஞ்சக்கரு வெளிய எட்டிப்பாக்குது, மீதி குண்டும் குழியுமா கிடக்கு. மைனி (அண்ணனோட மனைவி) ஒண்ண எடுத்து லைட்டுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு "இத பாத்தியா தம்பி, அணில் கடிச்ச கொய்யாக்கா மாதிரி இருக்கு, இத பாட்டில்ல போட்டா எவன் காசு குடுப்பான்"ன்னாவ. சிரிக்கவும் முடியல அழவும் முடியல, ரெண்டு பேருக்கும் பெருவிரல் நகத்துக்கு அடியில தோடு குத்தி எரியுது.

மைனி வீட்டுல இருந்தே மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய் போட்டு விக்கிறாவ, நாலஞ்சு வருஷமா. அண்ணன் கல்ஃப்ல. நான் ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட், சாயங்காலம் வந்து பாட்டில் கழுவுறது, லேபிள் ஒட்டுறது, டெலிவரி எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். நவம்பர் கடைசியில மார்த்தாண்டத்துல ஒரு பேக்கரிக்காரர் "காடை முட்டை ஊறுகாய் போட்டுத் தருவியளா, கிறிஸ்துமஸுக்கு 12 பாட்டில், ஒவ்வொண்ணுலயும் 25 முட்டை"ன்னு கேட்டாரு. சந்தையில முட்டை வாங்கி அதுல 30 அவிச்சு ட்ரையல் பாத்தோம், 28 பளிங்கு மாதிரி வந்துது. அந்தத் தைரியத்துலதான் 300க்கு சரின்னு தலையாட்டினோம். 30ல 28 வந்தது 300ல 118ஆ ஏன் ஆச்சுங்கிறதுதான் இந்தக் கதை, பத்து நாள் மண்டை காஞ்சதுக்கு அப்புறம்தான் பிடிபட்டுது.

அதுக்கு முன்னாடி முட்டையப் பத்தி கொஞ்சம். கடையில கிடைக்கிற காடை ஜப்பான் காடையாக்கும், நம்ம காட்டுல ஓடுற காடை இல்ல. 1974லதான் இந்தியாவுக்குள்ள வளர்ப்புக்குக் கொண்டுவந்தாங்க, ஆறேழு வாரத்துலயே முட்டை போட ஆரம்பிச்சிடும். முட்டை ஒண்ணு 9ல இருந்து 12 கிராம், கோழி முட்டையில அஞ்சுல ஒரு பங்கு. தோடு பேப்பர் மாதிரி மெலிசு, ஆனா உள்ள இருக்கிற சவ்வு அந்த அளவுக்கு மெலிசு இல்ல, அது நல்லா தோல் மாதிரி இழுபடும். கோழி முட்டைய உரிக்கிற மாதிரி மேல தட்டி தோட்ட மட்டும் பிய்க்கப் போனா தோடு பொடிப்பொடியா உதிரும், சவ்வு அப்படியே முட்டைய கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்கும், கோவத்துல சுரண்டினா வெள்ளைக்கருவும் சேர்ந்து வரும். அதனால காடை முட்டையில உரிக்க வேண்டியது சவ்வத்தான். சவ்வு வந்தா தோடு தானா கூட வரும்.

சரி, அன்னைக்கு ராத்திரி யாரு மேல பழி போட்டோம்னா, முதல்ல கை மேல. மைனி என்னை சொன்னாவ, நான் அவங்களை மனசுக்குள்ள சொன்னேன். அம்மா வந்து பாத்துட்டு "முட்டை சரியில்ல, பழசா இருக்கும்"ன்னா. ஆனா முட்டை பழசே இல்ல, அதாக்கும் கூத்து. குலசேகரம் பக்கம் ஒரு பண்ணையில சொல்லிவச்சு முந்தின நாள் போட்ட முட்டைய அப்படியே டிரேயில வாங்கிட்டு வந்தோம். பெரிய ஆர்டர், நல்ல முட்டை போடணும், புதுசா இருக்கணும்னு மைனி கறாரா நின்னாவ. மீனுக்கு அதுதான் சட்டம், கொளச்சல்ல காலையில இறங்கின மீனுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். அதே புத்தியில முட்டையையும் வாங்கிட்டோம்.

மறுநாள் லேப்ல இருந்து பிஎச் பேப்பர் கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன் (பொறுப்பு ஆசிரியர்ட்ட கேட்டுட்டுத்தான்). பிஎச்ங்கிறது புளிப்பு, காரத்தன்மைய அளக்குற நம்பர், குறையக் குறைய புளிப்பு கூடும். பண்ணை முட்டை பச்சையா ரெண்டு மிச்சம் இருந்துது, நவம்பர்ல சந்தையில வாங்கினதுல மூணு இருந்துது. உடைச்சு வெள்ளைக்கருவுல பேப்பர தொட்டுப் பாத்தா பண்ணை முட்டை 8க்கு கிட்ட, சந்தை முட்டை 9ஐ தாண்டின கலர். பேப்பர்ல பாக்குறது உத்தேசம்தான், ஆனா ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணுக்கே தெரியுது வித்தியாசம்.

இதுக்குக் காரணம் பழைய சங்கதிதான். கோழி போட்ட உடனே வெள்ளைக்கருவுல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், பிஎச் 7.6ல இருந்து 8க்குள்ள. தோட்டுல ஆயிரக்கணக்குல நுண்ணுழை ஓட்டை இருக்கு, அது வழியா நாள் போகப்போக வாயு வெளிய போயிடும், பிஎச் 9.2 வரைக்கும் ஏறும். பிஎச் குறைவா இருக்கையில அவிச்சா வெள்ளைக்கருவோட புரோட்டீன் உள் சவ்வோட பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும், ஏறினதுக்கு அப்புறம் அவிச்சா அந்தப் பிடி விட்டுடும். கூடவே ஈரமும் கொஞ்சம் போறதால அகல முனையில இருக்கிற காத்துப்பை பெருசாகும், விரல் நுழைய இடம் கிடைக்கும். காடையும் இதே கணக்குதான். நவம்பர் ட்ரையல்ல நாங்க ஜெயிச்சது கைத்திறமையால இல்ல, அந்த முட்டை சந்தையில எத்தனை நாள் கிடந்துதோ அதுக்கு மேல நம்ம அடுக்களை மூலையிலயும் ஒரு வாரம் கிடந்துது.

இத மைனிட்ட சொன்னதும் "அப்போ பழைய முட்டை வாங்கச் சொல்லுதியா, நாலு பேரு கேட்டா என்ன நினைப்பாவ"ன்னு முகத்த சுளிச்சாவ. பழசு வேண்டாம் மைனி, புதுசையே வாங்குவோம், நம்ம கண்ணு முன்னாடி ஆறேழு நாள் வச்சு அவிப்போம், தேதி நமக்குத் தெரியும்லன்னேன். அது ஒத்துக்கிட்டாவ. ஃபிரிட்ஜுக்குள்ள வச்சா இந்த மாத்தம் மெதுவாத்தான் நடக்கும், அதனால வெயில் படாத காத்தோட்டமான மூலையில டிரேய வச்சோம், கீறல் விட்டது எல்லாத்தையும் முதல்லயே பொறுக்கி எடுத்தாச்சு, அதுல மட்டும் சமரசம் கிடையாது.

நடுவுல ஒரு கிளைக்கதை. அண்ணன் போன்ல "ஏம்லே நகத்த பேத்துக்கிட்டு கிடக்கியோ, அவிச்ச முட்டைய வினிகர்ல ஊறப்போடு, தோடு தானா கரைஞ்சிரும், வீடியோ அனுப்புறேன்"ன்னான். வீடியோவுல அழகா இருந்துது. 50 முட்டை அவிச்சு ஒரு பாத்திரத்துல போட்டு அரை லிட்டர் வெள்ளை வினிகர் ஊத்தினேன், ஊத்தின உடனே சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழ் குமிழா வருது, ஒரு மணி நேரத்துல மேல இருக்கிற கறுப்புப் புள்ளி எல்லாம் கலங்கி காப்பிப்பொடி நுரை மாதிரி மிதக்குது, சூப்பர்னு நினைச்சுட்டு தூங்கப் போயிட்டேன். காலையில பாத்தா குமிழ் நின்னு போச்சு, தோடு பாதி கரைஞ்சு பாதி சுண்ணாம்பு மாவு மாதிரி முட்டை மேல அப்பிக்கிட்டு இருக்கு.

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன், லேப்ல வேலை பாக்குறவன் முதல்லயே போட்டிருக்கணும். தோடுங்கிறது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காடை முட்டை ஒண்ணுக்கு தோடு 0.8 கிராம்னு வச்சா, அத முழுசா கரைக்க கிட்டத்தட்ட 1 கிராம் அசிட்டிக் ஆசிட் வேணும். கடையில வாங்குற வினிகர் 4 சதவீதம், அப்போ ஒரு முட்டைக்கே 24 மில்லி ஆகுது. 50 முட்டைக்கு 1.2 லிட்டர், நான் ஊத்தினது அரை லிட்டர், பாதிகூட காணாது. 300 முட்டைக்கு ஏழு லிட்டருக்கு மேல! இன்னொண்ணு, தோடு கரைச்ச அந்த வினிகர்ல புளிப்பு செத்துப் போயிருக்கும், ஆசிட் எல்லாம் சுண்ணாம்போட சேர்ந்து தீர்ந்துருக்கும், வீணாக்க மனசில்லாம அதையே ஊறுகாய்க்கு ஊத்தினா அத விட முட்டாத்தனம் கிடையாது. முறை தப்புன்னு சொல்லல, 15 முட்டைக்கு அரை லிட்டர் ஊத்தி ஒரு ராத்திரி வச்சுப் பாத்தேன், தோடு சுத்தமா போயி சவ்வு மட்டும் வழவழன்னு நிக்குது, நகத்தால கிள்ளி இழுத்தா சட்டை மாதிரி கழண்டு வருது. வீட்டுக்குப் பத்து இருபதுன்னா செய்யலாம். ஆர்டருக்கு கட்டுப்படியாகாது, மேல் பக்கம் கொஞ்சம் ரப்பர் மாதிரி ஆகிடுது வேற.

டிசம்பர் 9. ஒரு வாரம் வச்ச பண்ணை முட்டை 200. இந்தத் தடவை ஒரு புத்தி வந்துது, முதல் நாள் மூணு பானை முட்டையையும் ஒரே பேசன்ல கொட்டிக் கலந்துட்டோம், எந்தப் பானை நல்லா வந்துது எது சொதப்புச்சுன்னு தெரியாமலே போச்சு. அதனால பானை வாரியா தனித்தனியா வச்சு எண்ணினேன். முதல் பானை 40 முட்டை, 37 சுத்தம். ரெண்டாவது 80 போட்டோம், 55. மூணாவது 80, 49தான் தேறுச்சு.

முட்டை ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, உரிச்ச கை ஒண்ணு, கல்லுப்பு போட்ட அளவும் ஒண்ணு. மைனிக்கு கை வலிச்சு போயிருக்கும் அதான் கடைசியில சரியா வரலன்னு சொன்னாவ, அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனா எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்துது. முதல் பானையில முட்டைய விட்டதும் தண்ணி ஒரு நிமிஷம் அடங்கி திரும்பக் கொதிச்சுது. ரெண்டாவதுல கொதிப்பு நின்னது நின்னதுதான், மூணு நிமிஷத்துக்கு மேல பானை சத்தமே இல்லாம இருந்துது, நாங்க பாட்டுக்கு போட்ட நேரத்துல இருந்து அஞ்சு நிமிஷம்னு ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுட்டு இருக்கோம்.

மறுநாள் தெர்மாமீட்டர் கொண்டு வந்தேன். 2 லிட்டர் தண்ணி தளதளன்னு கொதிக்கையில 40 முட்டை விட்டா 90 டிகிரி வாக்குல வந்து நிக்குது. 80 விட்டா 80 டிகிரி கிட்ட இறங்கிடுது. முதல் நாள் நாங்க பண்ணினது இன்னும் மோசம், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல இருந்து ஜில்லுன்னு எடுத்த முட்டைய, நேரமாச்சுன்னு ஒரே பானையில 120 தட்டினோம், கணக்கு போட்டா தண்ணி 70க்கே வந்திருக்கும். அதாவது கொதிக்கிற தண்ணியிலதான் போட்டோம்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம், நிஜத்துல வெதுவெதுப்புக்கு கொஞ்சம் மேல இருக்கிற தண்ணியில போட்டு மெதுவா சூடேத்தியிருக்கோம். பச்சத்தண்ணியில முட்டையப் போட்டு அடுப்ப பத்தவச்சா தோடு ஒட்டும்னு சமையல்ல ஊறினவங்க எல்லாம் சொல்லுவாங்க. மெதுவா சூடேறினா வெள்ளைக்கரு இறுகுறதுக்கு முன்னாடி சவ்வோட பிணைய நேரம் கிடைச்சுடும், சட்டுன்னு கடும் சூடு பட்டா வெளிப்பக்கம் உடனே இறுகி சுருங்கி சவ்வ விட்டு விலகிடும். நாங்க அந்தச் சட்டத்த மீறினது எங்களுக்கே தெரியாம, பானையோட அளவால.

ஆக ரெண்டு தப்பு ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருந்துது. புது முட்டைங்கிறது பெரிய தப்பு, பானையில திணிச்சது அடுத்த தப்பு. முதல் தப்ப சரிபண்ணினதும் 118ல இருந்து நல்ல ஏத்தம் தெரிஞ்சதால இதோட முடிஞ்சுதுன்னு விட்டிருந்தா ரெண்டாவது தப்பு அப்படியே ஒளிஞ்சுருக்கும்.

ஆறவைக்கிறதுலயும் ஒரு ஓட்டை இருந்துது. கிணத்துத் தண்ணியில போட்டோம், தொட்டா குளுகுளுன்னுதான் இருக்கும் ஆனா அது 27 டிகிரி. சூடு முட்டை ஐம்பது விழுந்ததும் வாளித்தண்ணி இன்னும் சூடேறிடுது, முட்டை உள்ள வெந்துக்கிட்டே இருக்கும், மூணாவது பானை முட்டையில மஞ்சக்கருவச் சுத்தி பச்சை வளையம் வந்தது அதனாலதான் (மஞ்சக்கருவுல இருக்கிற இரும்பும் வெள்ளைக்கருவுல இருக்கிற கந்தகமும் சேர்றது, விஷம் இல்ல, பாக்க அசிங்கம்). ஐஸ் வேணும்னதும் மைனி சட்டுன்னு "சந்தையில மீன்காரர்ட்ட ரெண்டு கட்டி வாங்கிட்டு வா"ன்னாவ. அந்த ஐஸ் மீனுக்கு அடியில போடுறது, குடிதண்ணியில செஞ்சதுன்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க, தட்டி கீறல் விட்ட முட்டை ஆறும்போது சுருங்கி வெளித்தண்ணிய உள்ள இழுக்கும். கொதிக்க வச்ச தண்ணிய ஆறவச்சு டப்பா டப்பாவா நம்ம ஃப்ரீசர்லயே உறைய வச்சோம், ரெண்டு நாள் வேற எதுவும் ஃப்ரீசர்ல வைக்க இடமில்ல, அம்மா புலம்பினா.

இப்போ சொல்லப் போறது தோடு சம்பந்தப்பட்டது இல்லன்னு தோணும், ஆனா எனக்கு இந்த முழுக் கதையிலயும் தூக்கத்தக் கெடுத்தது இதுதான். முதல் நாள் தேறின 118ல நூறு முட்டைய எடுத்து நாலு பாட்டில் அப்பவே போட்டாச்சு. மசாலா உள்ள இறங்கட்டும்னு மைனி ஒவ்வொரு முட்டையையும் பல்லுகுத்தியால நாலு இடத்துல குத்திட்டுத்தான் போட்டாவ. கோழிக்கறிக்கு முட்டை போடையில கீறிவிடுவோம்ல, அந்தப் பழக்கம். மேல நல்லெண்ணெய் மிதக்க ஊத்தி அலமாரியில வச்சிருந்தாவ, மீன் ஊறுகாய் வைக்கிற இடத்துலயே.

1997ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல 68 வயசு ஆள் ஒருத்தர் வீட்டுல போட்ட முட்டை ஊறுகாய சாப்பிட்டு பொட்டுலிசம் வந்து படுத்தாரு. அது ஒரு கிருமி விடுற விஷத்தால வர்ற நோய், கை கால் மூச்சுத்தசை எல்லாத்தையும் முடக்கிடும். அவரு முட்டைய பல்லுகுத்தியால குத்தி ஊறவச்சு ஏழு நாள் வெளியிலயே வச்சிருந்தாரு. சோதிச்சுப் பாத்தப்போ ஊறவச்ச தண்ணியோட பிஎச் 3.5, அதுல ஒரு குறையும் இல்ல, நல்ல புளிப்பு. ஆனா மஞ்சக்கருவோட பிஎச் இயல்பாவே 6ல இருந்து 7க்குள்ள இருக்கும். 4.6க்கு மேல போனா அந்தக் கிருமி வளர வாய்ப்பு இருக்கு, காத்து இல்லாத இடம்னா அதுக்கு கொண்டாட்டம். குத்தின ஓட்டை வழியா கிருமி மஞ்சக்கரு வரைக்கும் போயிடுது, புளிப்பு அவ்வளவு வேகமா அங்க போய்ச் சேரல. இத படிச்சதும் எனக்கு அந்த நாலு பாட்டிலும் பேசன்ல கிடந்த 182ம் ஒண்ணா கண்ணு முன்னாடி வந்துது. கிழிஞ்ச முட்டையும் ஒரு விதத்துல குத்தின முட்டைதானே, நாம வேணும்னு குத்தல, தோடு குத்துச்சு. முட்டை கிழியாம வரணும்னு நான் இவ்வளவு பாடுபடுறது வெறும் அழகுக்காக இல்லன்னு அப்போதான் உறைச்சுது.

மைனிட்ட சொல்லுறதுதான் பெரும்பாடா போச்சு. நாலு பாட்டில், நூறு முட்டை, நல்லெண்ணெய், பூண்டு எல்லாம். முதல்ல "ஒரு மணமும் இல்ல, நல்லாத்தான் இருக்கு, பாரு"ன்னு மூடியத் திறந்து மூக்குக்கு நேரா நீட்டினாவ, நிஜமாவே நல்ல வாசனை. அந்த விஷத்துக்கு மணம் வரும்னு கட்டாயம் இல்ல மைனின்னேன். எண்ணெய் மேல நிக்கிறது காத்த மறைச்சு அதுக்கு வசதியாத்தான் இருக்கும்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவங்களே பின்பக்கம் கொண்டுபோயி பூனை நாய் தோண்ட முடியாத அளவுக்கு ஆழமா குழி வெட்டச் சொன்னாவ, நான் வெட்டினேன், பாட்டிலையும் திரும்ப எடுக்கல. அன்னைக்கு முழுக்க என்கூட சாயா குடிக்க வரல.

டிசம்பர் 13. கடைசி ரவுண்டு, 180 முட்டை, எட்டு நாள் வச்சது. பெரிய பானை கடன் வாங்கலாமான்னு யோசிச்சோம், 100 முட்டைக்கு அஞ்சாறு லிட்டர் தண்ணி கொதிக்கணும், நம்ம அடுப்புல அது ஒரு யுகம் ஆகும். அம்மாதான் "இட்லிக் கொப்பரையில ஆவியில வையேன், மரச்சீனிக்கிழங்கு அதுலதானே அவிக்கோம்"ன்னா. அட, இது தோணலையேன்னு ஆச்சு. ஆவி குளுந்த தோட்டுல பட்டதும் தண்ணியா மாறி தன் சூட்டையெல்லாம் அதுலயே இறக்கிடும், அடியில தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும், முட்டையப் போட்டதால கொதி அடங்குற பிரச்சனை அவ்வளவா இல்ல. தட்டுல துணி விரிச்சு ஒரு அடுக்குக்கு 45, முட்டை மேல முட்டை ஏறாம, ரெண்டு அடுக்கு. ஆவி நல்லா பீறிட்டு வந்த பிறகு வச்சு ஆறு நிமிஷம். ஊறுகாய்க்கு மஞ்சக்கரு முழுசா இறுகியிருக்கணும், தளதளன்னு இருக்கக் கூடாது, ஒண்ண உடைச்சுப் பாத்துட்டுத்தான் இறக்கினோம். தண்ணியில அவிக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், முதல் ஒரு நிமிஷம் கரண்டியால பைய சுத்திவிட்டா மஞ்சக்கரு நடுவுல நிக்கும், இல்லன்னா ஒரு ஓரமா ஒதுங்கி அந்தப் பக்கம் வெள்ளைக்கரு மெலிசாகி உரிக்கையில கிழியும். ஆவியில அது முடியாது, அதனால முந்தின நாள் ராத்திரியே டிரேய பக்கவாட்டுல புரட்டி வச்சேன், அது உதவுச்சா இல்லையான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

உரிக்கிறதப் பத்தி இப்போ நிதானமா சொல்லணும். ஐஸ்தண்ணியில பத்து நிமிஷம் கிடந்த முட்டைய எடுத்து, பலகையில வச்சு உள்ளங்கையால பைய உருட்டுறது, பூரிமாவு உருட்டுற அழுத்தம்கூட வேண்டாம், சுத்துவட்டாரம் முழுக்க சிலந்திவலை மாதிரி கீறல் விழணும், பொறபொறன்னு சத்தம் வரும். அப்புறம் அகல முனைய தடவிப் பாத்தா ஒரு இடம் பொத்துன்னு அமுங்கும், காத்துப்பை. அங்க நகம் இல்ல, பெருவிரல் சதைய வச்சு அமுக்கி கிள்ளினா தோடு சவ்வோட ஒரு சின்ன மூக்கு மாதிரி எழும்பும். அந்த மூக்கு வெள்ளையா, ஈரமா, பாலாடை மாதிரி இருந்தா சவ்வு மாட்டிருக்குன்னு அர்த்தம், வெறும் புள்ளிபோட்ட தோடு மட்டும் வந்தா விட்டுட்டு வேற இடத்துல பிடிக்கணும். பிடிச்சாச்சுன்னா தண்ணிக்குள்ள முக்கி வச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி இழுக்குறது, ஆரஞ்சுத்தோலு உரிக்கிற மாதிரி ஒரே நாடாவா வரும், உடைஞ்ச தோட்டுத்துண்டு எல்லாம் சவ்வுலயே ஒட்டிக்கிட்டு ரிப்பன் கணக்கா வரும், தண்ணி உள்ள புகுந்து மிச்சத்த தானே தூக்கிவிடும். மைனிக்கு இந்தத் தாளம் பிடிச்சதும் முட்டை ஒண்ணுக்கு நான் பத்து செகண்டு எடுத்தா அவங்க அஞ்சு செகண்டுதான். பாட்டில்ல தண்ணியோட போட்டு குலுக்குற முறையும் பாத்தோம், நாலஞ்சு போட்டா ஓகே, அதுக்கு மேல போட்டா முட்டைய முட்டையே இடிச்சுக்குது.

180ல 172 சுத்தம். மைனி திரும்ப எண்ணினாவ, 172தான். சமையல் சோடா போட்டா பிஎச் ஏறும்னு நடுவுல ஒரு தடவை ட்ரை பண்ணினோம், வித்தியாசம் பெருசா கண்ணுக்குத் தெரியல, கந்தக வாடை மட்டும் கூடுச்சு, விட்டுட்டோம். கல்லுப்பு உரிக்கிறதுக்கு உதவல, கீறின முட்டையில இருந்து வெள்ளைக்கரு ஒழுகினா அது சீக்கிரம் இறுகி அடைச்சுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை.

9ஆம் தேதி தேறின 141ஐ அன்னைக்கே குத்தாம ஊறவச்சு ஃபிரிட்ஜ்ல ஏத்தியிருந்தோம். அதோட இந்த 172, மொத்தம் 313. 12 பாட்டில் போக 13 மிச்சம், அது வீட்டுக்கு. எங்க மீன் ஊறுகாய் மசாலாவேதான், கடுகு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, வத்தப்பொடி, ஆனா எண்ணெயில மிதக்க விடுறத விட்டுட்டு, உப்பு போட்டு கொதிக்கவச்ச வினிகர் முட்டைய முழுசா மூடுற மாதிரி ஊத்தினோம், தண்ணி கலக்காம. சின்ன முட்டைங்கிறதால ஒண்ணு ரெண்டு வாரத்துல புளிப்பு நல்லா இறங்கிடும், குத்தவே வேண்டாம். ஒன்பதாவது நாள் ஒண்ண வெட்டிப் பாத்தோம், மசாலாவோட செவப்பு வெள்ளைக்கருவுல ஒரு வளையமா இறங்கியிருந்துது.

22ஆம் தேதி டெலிவரிக்குப் போனப்போ பேக்கரிக்காரர் பாட்டில்கள கண்ணாடி ஷெல்ஃபுல கேக்குக்குப் பக்கத்துல அடுக்கப் போனாரு, பாக்க அழகா இருக்கும்னு. "அண்ணாச்சி, இது ஃபிரிட்ஜ் சரக்கு, வெளிய வச்சா நான் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்"ன்னேன். "ஊறுகாய போயி யாரு தம்பி ஃபிரிட்ஜ்ல வைப்பா"ன்னு சிரிச்சாரு. இல்லினாய்ஸ் கதைய முழுசா சொன்னேன், நடுவுல ரெண்டு கஸ்டமர் வந்து நின்னு கேட்டாங்க, அதுல ஒருத்தர் கேட்டு முடிச்சுட்டு ஒண்ணும் வாங்காமலே போயிட்டாரு. பேக்கரிக்காரர் என்னைய ஒரு பார்வை பாத்துட்டு கூல்டிரிங்க்ஸ் பெட்டியில ரெண்டு தட்டு காலி பண்ணிக் குடுத்தாரு. ஒவ்வொரு மூடியிலயும் "ஃபிரிட்ஜில் மட்டும் வைக்கவும்"னு செவப்பு ஸ்டிக்கர் ஏற்கனவே ஒட்டியாச்சு, மைனி கையெழுத்துல.

பொங்கலுக்கு இன்னொரு 8 பாட்டில் கேட்டிருக்காரு. அடுக்களை காலண்டர்ல மைனி பென்சில்ல "கா.மு. வந்துது"ன்னு ஒரு தேதியில எழுதி, அதுல இருந்து ஏழு கட்டம் தள்ளி ஒரு வட்டம் போட்டு "அவிக்க, 45 மட்டும்"னு குறிச்சு வச்சிருக்காவ.